கத்தி உறையும் அலகின் மெருகும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருகோணமலை உப்புவெளியில் எங்கள் வீட்டுப் பின்தாழ்வாரத்தில் ஒரு மேசை, மூன்று தீட்டுகல், தோல் தைக்கிற ஊசியும் நூலும். என் பட்டறை என்பது இவ்வளவுதான். திருக்கடலூர் மீன்பிடிக்காரர், நிலாவெளி ஹோட்டல்களின் சமையல்காரர், லீவுக்கு வந்து நிற்கும் கனடாச் சொந்தக்காரர் என்று பலரும் கத்தி தீட்ட வருகிறார்கள். ஆனால் உறையில் இருந்து உருவி மேசையில் வைத்ததும் பாதிப்பேர் கேட்பது வேறு. "புதுசா வாங்கினது, அதுக்குள்ள இந்தக் கோடு எப்படி?" "உறைக்குள்ளதானே வச்சிருந்தனான், கறள் எங்கயிருந்து வந்தது?" ஒவ்வொருவருக்கும் வாயால் சொல்லி அலுத்துப்போய்த்தான் இதை எழுதி வைக்கிறேன்.

கீழே வரும் சொற்கள் சில: பிடி தவிர்ந்த உருக்குப் பகுதி அலகு. வெட்டுகிற ஓரம் வாய். எதிர்ப்பக்கத் தடித்த ஓரம் முதுகு. அலகின் மேற்பரப்பைக் கண்ணாடி போலவோ மங்கலாகவோ எப்படி முடித்திருக்கிறார்களோ அதுதான் மெருகு.

தோல் உருக்கைவிட மென்மையானது. பிறகு எப்படித் தோல் உறை கத்தியைக் கீறும்?

தோல் கீறாது. மரமும் பிளாஸ்டிக்கும்கூடக் கீறாது. உள்ளே போய் ஒட்டிக்கொண்ட மணல்தான் கீறுகிறது.

போன வருடம் கிண்ணியாவில் இருந்து ஒருவர் தன் வாப்பாவின் பழைய மீன்கத்தியைத் தோல் உறையோடு கொண்டுவந்தார். அலகில் முனை தொடங்கிப் பிடி வரை ரயில் தண்டவாளம் மாதிரி இரண்டு கோடு. "காக்கா, உறையை ஒருக்காத் தாங்க" என்று வாங்கி, கவிழ்த்துப் பிடித்து வெள்ளைக் கடதாசி மேல் தட்டினேன். முதலில் ஒன்றும் வரவில்லை. உறையின் இரண்டு ஓரத்தையும் அமுக்கி விரித்துக்கொண்டு மறுபடி தட்டியதும் பொலபொலவென்று கொட்டியது. ஒரு சோடா மூடி நிறையத் தேறும். உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால் பெரும்பாலும் வெள்ளை மணல், இடையிடையே மினுங்கும் கறுப்பு மணிகள், காய்ந்த மீன் செதில் ஒன்று. பழைய கம்ப்யூட்டர் ஹார்ட் டிஸ்க்கில் கழற்றிய பலமான காந்தத்தைக் கடதாசிக்கு அடியில் பிடித்து நகர்த்தினேன். கறுப்பு மணிகளில் சில கூடவே ஊர்ந்தன. அவர் பேசாமல் பார்த்துக்கொண்டு நின்றார்.

கறுப்பு மணல் எங்கள் கரைக்குப் புதிதில்லை. புல்மோட்டையில் அள்ளுகிற கனிய மணலில் பெரும்பங்கு கறுப்பு இல்மனைட். அதோடு ரூட்டைலும் சிர்க்கோனும் கலந்திருக்கும். கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை அளக்கும் மோஸ் அளவுகோலில் கடினப்படுத்திய கத்தி உருக்கு ஏறத்தாழ 5.5 முதல் 6.5 வரை நிற்கும். இல்மனைட் 5 முதல் 6. சாதாரண வெள்ளை மணலான குவார்ட்ஸ் 7. சிர்க்கோன் 7.5. ஆகவே பார்க்கப் பயமாக இருக்கிற கறுப்பைவிட, கால் செருப்பில் ஒட்டி வருகிற வெள்ளை மணலே கத்திக்குப் பொல்லாதது. அதில் ஒரு மணி தோலில் பதிந்துவிட்டால் உருவும்போதும் செருகும்போதும் அதே இடத்தில் உரசிக்கொண்டே இருக்கும். அந்தத் தண்டவாளம் விழுந்தது அப்படித்தான்.

கோடு உறையால் வந்ததா, வேறெதனாலுமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

திசையைப் பாருங்கள். உறைக் கோடு கத்தி போய்வருகிற வழியில், நீளவாட்டில், நேராக விழும். சுற்றிச் சுற்றி இருந்தால் பாத்திரம் தேய்க்கிற நாரின் வேலை. முதுகில் இருந்து வாய் பக்கம் சரிந்து இருந்தால் தீட்டுகல்லின் வேலை. கல்லில் அலகைப் படுக்கப் போட்டுத் தேய்த்திருப்பீர்கள்.

எந்த மெருகில் கோடு அதிகம் தெரியும்?

கண்ணாடி மெருகில். முகம் தெரிகிற அளவுக்குப் பாலிஷ் பண்ணிய அலகில், கழுவிய உறைக்குள் போட்டு எடுத்தாலும் மயிர்க்கோடு விழும். அதைத் தாங்க முடியாதவர் கண்ணாடி மெருகுக் கத்தியை வேலைக்கு வாங்கக் கூடாது. அதன் நல்ல பக்கத்தையும் சொல்லவேண்டும்: பள்ளம் இல்லாத பரப்பில் ஈரமும் உப்பும் தங்க இடமில்லை. அதனால் கறளைத் தாங்குவதில் அதுதான் முதல்.

சாட்டின் மெருகில் இரண்டு வகை உண்டு, கடையில் இதை யாரும் பிரித்துச் சொல்வதில்லை. கையால் செய்தவற்றில் பெரும்பாலும் மெல்லிய வரிகள் நீளவாட்டில் ஓடும். உறைக் கோடும் நீளவாட்டில்தான் விழும், ஆகவே கூட்டத்தோடு கூட்டமாக மறைந்துவிடும். மெசின் பட்டியில் செய்ததில் வரிகள் முதுகில் இருந்து வாய்க்கு ஓடும். அதன் குறுக்கே ஒரு உறைக் கோடு விழுந்தால் வேட்டிக் கரை மாதிரி தூரத்தில் இருந்தே தெரியும். மீன்பிடிக்கோ தோட்டத்துக்கோ வாங்குகிறவர்கள் அலகை வெளிச்சத்தில் திருப்பி, வரி எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்து வாங்கினால் பிறகு மனக்கஷ்டம் குறையும்.

ஸ்டோன்வாஷ் என்பது அலகைச் சிறு கற்களோடு உருட்டி எடுத்தது. ஏற்கெனவே நாலு பக்கமும் கீறல், புதுக் கீறல் எங்கே என்று தேடத்தான் வேண்டும். என் சொந்தக் கத்திகள் இப்போது எல்லாம் இந்த வகை. மணி தூவி மங்கலாக்கிய சாம்பல் நிற மெருகும் அதேபோலத் தெரியும், ஆனால் ஏமாறாதீர்கள். அதன் பரப்பு நுண்ணிய பள்ளம் நிறைந்தது, ஈரத்தைப் பிடித்து வைத்து மற்றவற்றுக்கு முன் கறள் பிடிக்கும். கடற்கரை ஊருக்கு அது சரிவராது.

அலை அலையாய்க் கோலம் தெரிகிற டமாஸ்கஸ் அலகில் கறுப்பு வரிகள் அமிலத்தில் ஊறவைத்து வந்தவை, மேலோட்டமானவை. இறுக்கமான உறை மேடான இடங்களைத் தேய்த்துத் தேய்த்துக் கோலத்தை வெளிறப்பண்ணும். அது பழுதில்லை. கடுங்கறுப்பாகக் கரைத்த இன்ஸ்டன்ட் கோப்பியில் சில மணி நேரம் நிறுத்தி வைத்தால் பெரும்பாலும் திரும்பி வந்துவிடும்.

தோல் உறைக்குள் வைத்த கத்திக்கு ஏன் கறள் பிடிக்கிறது?

இந்தப் பாடத்தை நான் காசு கொடுத்துப் படித்தேன். லொறி ஸ்பிரிங் பட்டையில் கம்மாலையில் அடித்த கத்தி ஒன்று என்னிடம் இருந்தது. மூன்று இரவு இருந்து 2000 ஆம் இலக்க அரத்தாள் வரை ஏற்றி, பிராஸோவால் துடைத்து, கண்ணாடி ஆக்கினேன். ஐப்பசியில் ஒரு நாள் கூட்டாளியோடு வள்ளத்தில் போனபோது உறை கொஞ்சம் நனைந்தது. வீட்டுக்கு வந்து கத்தியை நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்தேன், அது சரி. பிறகு அதே உறையில் செருகி ஆணியில் தொங்கவிட்டேன். அதுதான் பிழை. மாரி தொடங்கிவிட்டது. பதினைந்து நாள் கழித்து உருவினால் வாயோரம் முழுக்க ஒரே இடைவெளியில் சிவப்புப் புள்ளிகள். உறையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். நான் என் கையால் தைத்த தையல் துளைகளுக்கு நேரே, ஒன்றுக்கு ஒன்று, எண்ணி வைத்த மாதிரி. சில புள்ளிகள் குழியாகிவிட்டன. இன்னும் இருக்கின்றன.

நடந்தது இதுதான். கடல்தண்ணீர் லீற்றருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்புக் கொண்டது. தோல் காய்ந்தாலும் உப்பு உள்ளே நிற்கும். சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதன் 75 சதவீதத்தைத் தாண்டினால் காற்றில் உள்ள ஈரத்தை இழுத்துத் தானே கரையத் தொடங்கும். மாரியில் குசினி உப்புப் போத்தல் கசிவதைப் பார்த்திருப்பீர்கள், அதே வேலைதான். கடலுப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைட்டு இன்னும் மோசம், 33 சதவீதத்திலேயே ஈரம் இழுக்கும். ஆகவே கடல்தண்ணீர் பட்ட தோல் உறை கையில் காய்ந்தது போலத் தெரிந்தாலும், வாடைக் காற்று வீசுகிற ஒவ்வொரு இரவும் உள்ளே திரும்பத் திரும்ப நனைகிறது. அதற்குள் கத்தியை வைப்பதும் உப்புத்தண்ணீரில் நனைத்த சீலையால் சுற்றி வைப்பதும் ஒன்றுதான்.

உப்பு படாவிட்டாலும் தோலுக்கென்று ஒரு குணம் உண்டு. தோலைப் பதப்படுத்துவது ஒன்றில் ஆவாரம்பட்டை, கடுக்காய் போன்றவற்றின் துவர்ப்பால், அல்லது குரோமியம் உப்பால். இரண்டிலும் தோலில் கொஞ்சம் அமிலத்தன்மை மிஞ்சும். துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் கருநீலமாகும். முன்பு மை காய்ச்சியதே அந்த முறையில்தான். வாழைக்காய் நறுக்கிய உருக்குக் கத்தி கறுப்பதும் அதனால்தான். ஈரத்தோல் உறையில் ஒரு இரவு கிடந்த அலகில் புகை படிந்தாற்போல் கறுப்பு வந்தால் பயப்படவேண்டாம், அது பெரும்பாலும் கறை மட்டும். சிவப்பு வந்தால்தான் உடனே கவனிக்கவேண்டும்.

அதற்காகத் தோல் உறையை நான் வெறுப்பதில்லை. தைப்பதும் நான்தான். இடுப்பில் கட்டிக்கொண்டு போக அதைப்போலச் சுகமானது இல்லை, சத்தமும் போடாது. கொண்டுபோய் வருவதற்கு அது. வீட்டுக்கு வந்ததும் கத்தி வேறு, உறை வேறு.

என்னுடையது கறள் பிடிக்காத உருக்கு. எனக்கும் இந்தக் கவலை வேண்டுமா?

குறைவாக வேண்டும். குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் சேர்த்தால் உருக்கு அந்தப் பெயரைப் பெறும். கத்திகளில் பொதுவாக 13 சதவீதமோ அதற்கு மேலோ இருக்கும். குரோமியம் காற்றில் உள்ள ஒட்சிசனோடு சேர்ந்து கண்ணுக்குத் தெரியாத படலம் ஒன்றை அலகின் மேல் உண்டாக்குகிறது. கீறல் விழுந்தாலும் ஒட்சிசன் கிடைத்தால் படலம் திரும்ப மூடிக்கொள்ளும். ஈரமான உறை அலகை ஒட்டிப் பிடித்திருக்கிற இடத்தில் ஒட்சிசன் போகாது, உப்பில் உள்ள குளோரைட்டோ அந்தப் படலத்தைத் துளைக்கும். விளைவு, பரவலான கறள் வராமல், ஊசி குத்தினாற்போல ஆழமான துளைகள் வரும். வெளியே தெரிவது சின்னப் புள்ளி, உள்ளே போவது அதைவிட ஆழம். நிலாவெளியில் சுழியோடப் போகிறவர்கள் காலில் கட்டுகிற கத்திகளில் இதை அடிக்கடி பார்க்கிறேன். புறாத்தீவுக்குப் போய்வந்து முகமூடியையும் துடுப்பையும் கழுவுகிறார்கள், கத்தியை உறையோடு அப்படியே பைக்குள் போடுகிறார்கள்.

கைடெக்ஸ் உறை கத்தியைக் கீறும் என்கிறார்கள். உண்மையா?

கைடெக்ஸ் என்பது சூடாக்கிக் கத்தியின் வடிவத்துக்கே அமுக்கி எடுக்கிற பிளாஸ்டிக் தகடு. செருகும்போது டக் என்று பூட்டிக்கொள்ளும். அந்த டக் வருகிற இடத்தில் அது கத்தியைப் பிடித்திருக்கிறது, ஆகவே அங்கே உரசலும் உண்டு. தோலில் மணல் புதையும். இதில் புதையாது, அலகுக்கும் தகட்டுக்கும் நடுவில் உருளும் அல்லது மாட்டிக்கொள்ளும். கோடு ஆழமாகவே விழும்.

ஆனால் கழுவலாம். தோலை வெல்லுகிற இடம் அதுதான். குழாய்க்குக் கீழே பிடித்து, போத்தல் கழுவுகிற பிரஷ்ஷால் சவர்க்காரம் போட்டுத் தேய்த்து, உதறி, நிழலில் கவிழ்த்து வைத்தால் முடிந்தது. உப்பையும் ஈரத்தையும் அது உறிஞ்சாது.

ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. உறையை வெட்டி ஓரம் தேய்த்த தூள் சிலவேளை உள்ளேயே தங்கிவிடும், தேய்த்த பட்டியில் இருந்து உதிர்ந்த பரலும் கூடவே. புது உறை வாங்கினால் கத்தியைச் செருகுவதற்கு முன் கழுவுங்கள். முதல் நாள் விழுகிற கோட்டுக்குப் பெரும்பாலும் அதுதான் காரணம்.

பிவிசி பைப்பில் நானே உறை செய்யலாமா?

தாராளமாக. நான் மீன்பிடிக்காரருக்குச் சொல்வதே அதைத்தான். வெட்டி எறிந்த பைப் துண்டு போதும், கெட்டுப்போனால் இன்னொன்று.

பிவிசி 80 பாகை செல்சியஸ் அளவில் இளகத் தொடங்கும். ஆகவே நெருப்பே தேவையில்லை. பெரிய பானையில் தண்ணீர் கொதிக்கவைத்து, பைப் துண்டை இடுக்கியால் பிடித்து உள்ளே ஒரு நிமிடம் வைத்தால் மெல்லிய பைப் வாழைமடல் போல வளையும். கத்தியை முதலில் கடதாசி டேப்பால் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொள்ளுங்கள், பிறகு அந்த இடைவெளிதான் அலகுக்கு மூச்சு. கைக்குத் தடித்த கையுறை. இரண்டு பலகைத் துண்டுக்கு நடுவில் பைப்பை வைத்து, உள்ளே கத்தி இருக்க அமுக்கி, ஆறும்வரை பிடித்திருங்கள். அடியில் ஒரு துளை போட மறக்கவேண்டாம். தண்ணீர் வடிய வழி இல்லாத உறை ஒரு சின்னக் கிணறு.

அடுப்பில் நேரே காட்டிச் சூடாக்குகிறவர்கள் உண்டு. பிவிசி கருகினால் ஹைட்ரஜன் குளோரைட்டு வாயு வரும். நெஞ்சுக்குக் கூடாது, பக்கத்தில் இருக்கிற உருக்குக்கும் கூடாது.

மர உறை நல்லது என்கிறார்கள். எந்த மரம்?

கத்தியை உறைக்குள்ளேயே நெடுநாள் வைக்கத்தான் வேண்டும் என்றால் மரம்தான். கண்டி இராச்சியக் காலத்து வேலைப்பாட்டுக் கத்திகளின் உறை மரத்தில் செய்து வெள்ளித் தகடு பூட்டியது. யப்பானில் வாளுறை ஹோ என்ற மரத்தில் செய்கிறார்கள். மக்னோலியா இனம், மென்மை, பிசின் இல்லை. இரண்டு பாதியாகக் குடைந்து, சோற்றுப் பசையால் ஒட்டுகிறார்கள். சின்ன வயதில் பட்டம் ஒட்டினோமே, அதே பசை. உள்ளே கறளோ தூசியோ போனால் உறையை உடைக்காமல் பிளந்து, துடைத்து, திரும்ப ஒட்டலாம் என்பதற்காகவே அந்தப் பசை. வாள் அதற்குள் பக்கவாட்டில் உரசாது, முதுகில் சாய்ந்து போய்வரும். மெருகைக் காப்பாற்றுவது என்ற விஷயத்தை இதைவிட நன்றாக யோசித்தவர்கள் இல்லை என்பது என் எண்ணம். கனடாவில் இருந்து வந்த ஒரு மச்சான் கொண்டுவந்த யப்பான் சமையல் கத்திக்கும் இதேபோல மர உறை இருந்தது. அவர் அதை அலங்காரம் என்று நினைத்து வீட்டிலேயே விட்டுவிட்டு வர இருந்தாராம்.

எங்கள் பக்கத்தில் ஏழிலைப்பாலை, முள்முருக்கு போன்ற இலேசான மரங்கள் குடைய இலகு. நான் பூவரசில் இரண்டு செய்திருக்கிறேன், இதுவரை குறை இல்லை. தேக்கில் சிலிக்கா உண்டு, தச்சரின் உளி தேக்கில் சீக்கிரம் மழுங்குவது அதனால். உறைக்கு எனக்கு விருப்பமில்லை. வெளிநாட்டுப் பெட்டிகளில் வரும் ஓக் பலகை வேண்டவே வேண்டாம், அதில் இருந்து வினாகிரி அமிலம் கசியும், மூடிய இடத்தில் உலோகத்தை அரிக்கும். எந்த மரமானாலும் மாதக்கணக்கில் காய்ந்திருக்கவேண்டும். நேற்று அறுத்த பலகைக்குள் இன்று கத்தியை வைத்தால் அதன் ஈரமெல்லாம் அலகுக்குத்தான்.

பேப்பரில் சுற்றி வைத்தால் போதாதா?

பஸ்ஸில் தம்பலகாமம் போய்வர போதும். மாதக்கணக்கில் வேண்டாம். செய்தித்தாளில் அமிலம் உண்டு, ஈரமும் குடிக்கும். மட்டை மடித்துச் செய்த உறையும் அப்படியே.

உறையின் பித்தளை ஆணி பச்சை பிடித்துக் கத்தியிலும் ஒட்டுகிறது. ஏன்?

அது களிம்பு. தோலில் இருக்கும் கொழுப்பும் எண்ணெயும் பித்தளையில் உள்ள செம்போடு சேர்ந்து பச்சை மெழுகு மாதிரி வரும். பல் குத்தும் குச்சியால் சுரண்டி எடுத்து, ஆணியை உலர்ந்த சீலையால் துடைத்தால் போதும். தோலுக்கு எண்ணெய் அதிகம் பூசுகிறவர்களுக்கு இது அதிகம் வரும்.

உறையில் போட முன் என்ன எண்ணெய் பூசலாம்? தேங்காயெண்ணெய்?

தினம் பாவிக்கிற சமையல் கத்திக்குத் தேங்காயெண்ணெய் பிழையில்லை. விரல் நுனியால் ஒரு சொட்டு, பிறகு துடைத்து எடுத்தது போலத் தெரியவேண்டும். ஆனால் உறைக்குள் அது சேர்ந்துகொண்டே போனால் சிக்கு வாடை வரும், மணலையும் பிடித்து வைக்கும். நல்லெண்ணெய் இன்னும் பிசுக்கு, நாளாக ஆகப் பசை மாதிரி இறுகும்.

மாதக்கணக்கில் வைக்கிறதென்றால் பாமசியில் லிக்விட் பாரஃபின் கேளுங்கள். மலச்சிக்கலுக்குக் குடிக்கக் கொடுக்கிற அதே சாமான், ஆகவே சாப்பாட்டுக் கத்திக்கும் பயமில்லை. கெட்டுப்போகாது, இறுகாது. கடைக்காரர் ஒரு மாதிரிப் பார்ப்பார், பரவாயில்லை. சாப்பாட்டில் படாத கத்திக்குத் தையல் மெசின் எண்ணெய். எதைப் பூசினாலும் உறைக்குள் ஊற்றாதீர்கள். தோல் உறை எண்ணெய் குடித்து இளகினால் கத்தியை இறுக்கிப் பிடிக்காது, பிறகு அது ஆடி ஆடி உரசும்.

கறுப்புப் பூச்சுக் கத்தியில் வெள்ளிக் கோடுகள் வந்துவிட்டன. பூச்சு போய்விட்டதா?

முதலில் ஸ்பிரிட் தொட்ட சீலையால் துடைத்துப் பாருங்கள். டிஎல்சி (வைரம் போன்ற கார்பன்) மாதிரியான கடினப் பூச்சுகளை மணலாலும் இலேசில் கீற முடியாது. அங்கே நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் உறையின் பிளாஸ்டிக் தேய்ந்து அலகில் ஒட்டியது, துடைத்தால் போய்விடும். மலிவான பெயின்ட் பூச்சென்றால் உண்மையிலேயே போய்விட்டது. இன்னொன்று: பூச்சு எவ்வளவு நல்லதானாலும் தீட்டிய வாய் வெறும் உருக்குத்தான். கறள் அங்கேயிருந்துதான் ஆரம்பிக்கும்.

ஆயுத பூசைக்குச் சந்தனம் குங்குமம் வைத்தோம். அந்த இடத்தில் வட்டம் விழுந்துவிட்டது.

ஒவ்வொரு நவராத்திரிக்குப் பிறகும் இரண்டு மூன்று கத்தி இப்படி வரும். ஈரச் சந்தனப் பொட்டுக்குக் கீழே காற்றுப் போகாமல் அலகு இரவு முழுக்க நனைந்து கிடக்கிறது. அதோடு உறையிலும் போட்டு வைத்தால் சொல்லவேண்டாம். பொட்டைப் பிடியில் வையுங்கள். அலகில்தான் வைக்கவேண்டும் என்று அம்மா சொன்னால், வையுங்கள், ஆனால் விஜயதசமி காலையில் துடைத்துவிடுங்கள்.

சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீடு. உறை இல்லாமல் எப்படி வைப்பது?

உறை இல்லாமல் வைக்கவேண்டாம். அலகின் மெருகைவிடப் பிள்ளையின் விரல் பெரிது. கழுவிக் காய்ந்த பிளாஸ்டிக் அலகு மூடி ஒன்றைப் போட்டு, கைக்கு எட்டாத உயரத்தில், பூட்டுகிற லாச்சியில் வையுங்கள். கிழமைக்கு ஒருமுறை உருவிப் பாருங்கள்.

தோல் உறையை எப்படிச் சுத்தம் செய்வது?

நனைக்காமல். முதலில் கவிழ்த்துத் தட்டுங்கள், ஓரங்களை அமுக்கி விரித்து மறுபடி தட்டுங்கள். பிறகு ஒரு மரக்குச்சியில் இரட்டைப்பக்க டேப் சுற்றி உள்ளே விட்டு ஒற்றி ஒற்றி எடுங்கள். எவ்வளவு மணல் வருகிறது என்று பார்த்தால் நம்பமாட்டீர்கள். வெயில் நாளில், கச்சான் காற்று வீசுகிற ஆனி ஆடியில், வாயைத் திறந்து நிழலில் வைத்தால் இரண்டு நாளில் உலர்ந்துவிடும். நேர் வெயில் வேண்டாம், தோல் சுருங்கி வெடிக்கும்.

கடல்தண்ணீர் குடித்த உறை மட்டும் விதிவிலக்கு. அதை நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசித்தான் ஆகவேண்டும், உப்பு வேறு வழியில் போகாது. அலசியபின் உள்ளே மரத்துண்டு வைத்துக் காயவிடுங்கள், கத்தியை அல்ல. வடிவம் கொஞ்சம் மாறும், நிறம் மங்கும். உறை கெட்டாலும் கத்தி பிழைக்கும்.

கத்தியைச் செருகும் முறையில் ஏதும் இருக்கிறதா?

இருக்கிறது. பெரும்பாலானோர் முனையை உறை வாயில் வைத்து அப்படியே தள்ளுகிறார்கள். கத்தியின் வாய் உறையை அரிந்துகொண்டே போகும், அரிந்த தூளும் உள்ளேயே விழும். முதுகை உறையின் முதுகுப் பக்கத்தில் இலேசாகச் சாய்த்து, அந்தச் சாய்விலேயே உள்ளே விடுங்கள். உருவும்போதும் முதுகு சாய்ந்தபடி வரட்டும். இரண்டு நாளில் கை பழகிவிடும். அதற்கு முன் அலகைக் காற்சட்டையில் துடைக்காதீர்கள். கடற்கரையில் உட்கார்ந்து எழும்பிய காற்சட்டையில் என்ன இருக்கிறது என்பது மேலே சொன்னதுதான்.

விழுந்த கோடுகளை எடுக்கலாமா?

எடுக்கலாம். எடுக்கவேண்டுமா என்பதுதான் கேள்வி. கோட்டை அழிப்பது என்றால் அதன் ஆழம் வரை சுற்றியுள்ள உருக்கு முழுவதையும் தேய்த்து இறக்குவது. 400 ஆம் இலக்க அரத்தாளில் தொடங்கி 800, 1500, 2000 என்று ஏறவேண்டும். ஒவ்வொரு இலக்கத்திலும் முன்னைய வரி முழுதும் போகும்வரை நகரக்கூடாது. பொறுமை இல்லாமல் தாவினால் கடைசியில் பளபளப்புக்கு அடியில் பழைய வரி சிரித்துக்கொண்டு நிற்கும். சாட்டின் அலகென்றால் வேலை சுலபம்: அரத்தாளை ஒரு கட்டையில் சுற்றி, ஒரே திசையில், முன்னும் பின்னும் தேய்க்காமல் இழுத்துவிடுங்கள்.

வேலைக்காரக் கத்திக்கு நான் எடுத்துக் கொடுப்பதில்லை. காசைத் திருப்பிக் கொடுத்து, உறையைத் துடைத்துக் கொடுத்து அனுப்புவேன். அடுத்த மாதம் அதே கோடு வரப்போகிறது.

பழைய உறையை எப்போது எறிவது?

உள்ளே மணந்து பாருங்கள். பூஞ்சண வாடையோ மீன் வாடையோ காய்ந்த பிறகும் போகவில்லை என்றால் அது முடிந்தது. தையல் விட்டுக் கத்தி ஆடினாலும் அப்படித்தான்.

கிண்ணியாக்காரரின் உறைக்கு இரண்டு குற்றமும் இருந்தன. எறியச் சொன்னேன், முகம் மாறிவிட்டது. "வாப்பாட கை பட்டது தம்பி" என்றார். தையலைப் பிரித்து, விரித்து, நல்ல தண்ணீரில் அலசிக் காயவைத்தேன். உள்பக்கத்தில் அலகின் உருவம் கறுப்பாக, நிழல் மாதிரி அப்படியே பதிந்திருந்தது. திரும்பத் தைத்துக் கொடுத்தபோது கூடவே ஒரு பைப் உறையும் கொடுத்தேன். கத்தி இப்போது அதில் கடலுக்குப் போகிறது. தோல் உறை அவர் வீட்டுச் சுவரில், வெறுமையாக, தொங்குகிறது.